உதவிக்கு வந்தவர்கள் வெட்டிய புதர்

நல்லது செய்துவிட்டுப் போனவனை வாய்விட்டுத் திட்ட முடியாது. ஆர்டிஸுக்கு அந்த மே மாதம் நேர்ந்த கொடுமை அதுதான்.

பதினாறு நாள் ஃபார்கோ நகரத்து ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிவிட்டு, அன்றைக்குத்தான் புருஷன் டெல்மரை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியிருந்தார்கள். மாடி ஏறக் கூடாது என்பதால் முன்னறையில் கட்டிலைப் போட்டு அவனைப் படுக்க வைத்தாள். மாத்திரைகளை எடுத்து வைத்தாள். காபிக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு ஓர் ஈரத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். துண்டு சும்மா சாக்குக்கு. அவள் போனது பிளம் மரத்தைப் பார்க்க.

மரம் நன்றாகத்தான் இருந்தது. ஜனவரியில் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி வரை போன குளிரைத் தாங்கிக்கொண்டு, ஒரு குச்சி நுனி கூடக் கருகாமல், கிளைக்குக் கிளை மொட்டு விட்டிருந்தது. இப்படி மொட்டு விட்டு அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் பக்கத்தில் போய்க் கிளையைத் தொட்டாள். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. மரத்துக்குப் பின்னால் வெளிச்சம் ஜாஸ்தியாக இருந்தது. முன்பக்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோணலாக இருக்கும் அண்டை வீட்டு வெர்லினின் கொட்டகை இந்த இடத்திலிருந்து தெரியவே தெரியாது. இப்போது அதன் கதவு, கதவில் தொங்கும் பூட்டு, பூட்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாய் எல்லாம் தெரிந்தது.

பக்கவாட்டு வேலியோரம் அறுபதடி நீளத்துக்கு இருந்த காட்டுப் பிளம் புதரைக் காணோம்.

ஒரு குச்சி இல்லை. ஒரு முள் இல்லை. வேரை மண்ணோடு தோண்டி எடுத்து, மண்ணைச் சமப்படுத்தி, அதன் மேல் பரம்பு ஓட்டி, புல் விதையும் தூவி, பறவை கொத்தாமல் வைக்கோல் வேறு பரப்பியிருந்தார்கள். அவ்வளவு நேர்த்தி. ஆர்டிஸ் துண்டைக் கீழே போட்டுவிட்டு அந்த வெறுந்தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். வெட்டிய கிளை எங்கேயாவது குவியலாகக் கிடக்கும், அதில் ஒரு கையளவு கிடைத்தாலும் போதும் என்று தேடினாள். தங்கள் வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கரிய வட்டம் இருந்தது. சாம்பலைக் கூட அள்ளியிருந்தார்கள். பாவிகளுக்கு எதிலும் அரைகுறை வேலை தெரியாது.

வைக்கோல் மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

என்னமோ முள்ளுப் புதர் போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நீங்கள் கேட்டால், அந்த ஜில்லாவில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். காட்டுப் பிளம் பழத்தில் ஜாம் கிண்டுவார்கள், நக்கி நக்கித் தின்பார்கள், ஆனால் புதரைக் கண்டால் ஆளுக்கு ஆள் கை அரிக்கும். வேரிலிருந்து கன்று விட்டு வயலுக்குள் வரும், டிராக்டர் டயரில் முள் ஏற்றும், சட்டையைக் கிழிக்கும். விஷயம் டெல்மருக்கும் ஆர்டிஸுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் குளிர் தேசத்தில் பெரிய பழம் காய்க்கும் பிளம் எல்லாமே காட்டுப் பிளமையும் தெற்கத்திப் பிளமையும் கலந்து உண்டாக்கிய ஒட்டு ரகம். பழம் தெற்கத்தித் தாய் மாதிரி, உடம்பு காட்டு அப்பன் மாதிரி. ஆனால் பிடிவாதம் பொல்லாதது. தன் பூவுக்குத் தன் மகரந்தம் ஆகாது. பக்கத்தில் இன்னும் நாலு ஒட்டு ரகம் நின்றாலும் ஆகாது. அசல் காட்டுப் பிளம் கூடவே பூத்து, வண்டு அதிலிருந்து இதற்குப் பறந்து வந்தால்தான் காய் பிடிக்கும். இல்லாவிட்டால் மரம் கல்யாணப் பெண் மாதிரி பூத்து நின்றுவிட்டு, பத்து நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பச்சையாக நிற்கும். சுற்றிலும் அரை மைலுக்கு வெறும் கோதுமை வயல். வேறு காட்டுப் பிளம் கிடையாது.

இது கடையில் வாங்கிய மரமும் இல்லை. டெல்மர் முப்பத்தோரு வருஷம் கிராமத்து வழிகளில் தபால் வண்டி ஓட்டியவன். ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்னால், வண்டிக் கொட்டகையில் தொட்டியில் வைத்து வளர்த்த தெற்கத்திப் பிளம் பூவில், காட்டுப் பிளம் மகரந்தத்தைக் குழந்தைகள் வாட்டர்கலர் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தான். பதினாலு கொட்டை கிடைத்தது. ஒன்பது முளைத்தது. முதல் குளிரில் ஐந்து செத்தது, அடுத்த குளிரில் இரண்டு, ஒன்றை முயல் தின்றது. மிச்சம் இந்த ஒன்றுதான். பதினோரு வருஷம் ஆயிற்று. போன வருஷம் முதன்முதலாகப் பூத்தது. பூத்த மூன்றாம் நாள் பனி கொட்டி எல்லாம் கறுத்துப் போனது. தன் கையால் உண்டாக்கிய பழம் என்ன ருசி என்று டெல்மருக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆர்டிஸைத் தனியாகக் கூப்பிட்டு, "வால்வு நல்லா உக்காந்திருக்கு. ஆனா இதயம் ரொம்பக் களைச்சிருக்கு. இந்தக் கோடை தாண்டட்டும், அப்பறம் பேசுவோம்" என்று சொல்லியிருந்தாள். அப்படியென்றால் அந்த மரம் இந்தக் கோடையில் காய்த்தாக வேண்டும். ஆர்டிஸ் மனசில் அந்தப் பதினாறு நாளும் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அது ஒன்றுதான்.

உள்ளே போன் அடித்தது. எழுந்து ஓடினாள். வெர்லின் பெண்டாட்டி லவோன். ஆர்டிஸும் அவளும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"வந்துட்டீங்களா? கார் நிக்கிறதப் பாத்தேன். பின்பக்கம் பாத்தியாடி?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சுத்தமா இருக்கு, லவோன்."

"அம்மாடி, அந்தப் புதர்கிட்ட பட்ட பாடு! ரெண்டு நாள். ஒம்போது பேர். வெர்லின் கையெல்லாம் கிழிஞ்சு தொங்குது. கார் ஷெட்டுக்கும் பெயின்ட் அடிச்சிருக்கு, பாத்தியா? விறகு பிளந்து அடுக்கியிருக்கு."

"ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க."

"இதுல என்னடி இருக்கு. அவன் படுத்துக் கிடக்கறப்ப நாம செய்யாம யாரு செய்யுறது?"

அங்கே அதுதான் வழக்கம். ஒருத்தன் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்து ஆம்பளைகள் சொல்லாமல் கொள்ளாமல் மெஷினோடு வந்து இறங்குவார்கள். அவன் வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கேட்காத வேலை நாலையும் செய்துவிட்டுப் போவார்கள். கூலி என்று பேச்சை எடுத்தால் அடிக்காத குறைதான். காபியும் பலகாரமும் கொடுக்கலாம். குறை மட்டும் சொல்லவே கூடாது. சொன்னவர்கள் யாரும் அந்த ஜில்லாவில் இருந்ததாகக் கேள்வியில்லை.

அன்று முழுக்க ஆர்டிஸ் பேயறைந்தவள் போல வீட்டுக்குள் நடமாடினாள். டெல்மரிடம் சொல்ல முடியுமா? தைத்த நெஞ்சு. சொன்னால் அங்கேயே போய்விடுவான் என்று பயம். அவன் அறை ஜன்னல் புதர் இருந்த பக்கம் இல்லாமல் ரோட்டைப் பார்த்து இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் ஒரு சங்கதி அவளை உறுத்தியது. எப்பேர்ப்பட்ட குளிரிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் மொட்டை எண்ணிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்ததிலிருந்து மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூப்பை இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கேட்காதவரைக்கும் பிழைத்தோம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, வேலைக்கு வந்த ஒன்பது பேருக்கும் காபி கொடுக்க வேண்டிய நாள். ஆர்டிஸ் இரண்டு ட்ரே நிறைய பேரீச்சம்பழமும் ஓட்ஸும் போட்டுச் சதுரம் சதுரமாக வெட்டும் பலகாரம் செய்தாள். மாவைப் பிசையும்போதெல்லாம் வெர்லினை நினைத்துப் பிசைந்தாள். அவன்தான் தலைவன். மண் அள்ளும் லோடர் வண்டி அவனுடையது. முப்பது வருஷமாக இந்தப் புதரை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தவனும் அவன்தான். எப்போடா டெல்மர் படுப்பான் என்று காத்திருந்தானோ? அப்படி நினைப்பது பாவம் என்று தெரிந்தே நினைத்தாள்.

ஒன்பது பேரும் சமையலறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். லவோனும் வந்திருந்தாள். டெல்மர் தூங்குகிறான், சத்தம் போடாதீர்கள் என்று முன்னறைக் கதவைச் சாத்தியிருந்தாள் ஆர்டிஸ். கோதுமை விதைப்பு பற்றிப் பேச்சு, மழை பற்றிப் பேச்சு. தட்டு காலியாகி ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது அங்கே மரியாதையில்லை. ஒருத்தன் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்தான். இன்னொருத்தன் மிச்சத்தில் பாதியை எடுத்தான். மூன்றாமவன் கத்தியை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகமளவு மிஞ்சியதை இன்னும் பாதியாக்க முயன்றுகொண்டே சொன்னான்: "அந்த முள்ளுப் புதர் இருக்கே, யப்பா! ரெண்டு ரம்பச் சங்கிலி போச்சு. இனி ஏழு தலைமுறைக்கு அங்க எதுவும் முளைக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லின் மட்டும் சிரிக்காமல் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பில் மண்டைக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"போதும்!"

காபி ஜக்கை மேஜையில் ஓங்கி வைத்தாள். காபி சிதறி லவோன் மடியில் தெறித்தது.

"யாரு கேட்டா உங்கள? ஹா? யாரு கேட்டா? புதரு புதருங்கிறீங்களே, அது இல்லாம அந்த மரம் ஒரு காய் காய்க்காது தெரியுமா? ஒண்ணே ஒண்ணு கூட! அது பூவுலேருந்துதான் இது காயாகணும். பதினோரு வருஷம் அந்த மனுஷன் பொத்திப் பொத்தி வளத்த மரம். ஒரு பழம் தின்னுட்டுச் சாகட்டுமேன்னு நான் தெய்வத்தக் கும்பிட்டுட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கேன், நீங்க இங்க வேரோட புடுங்கி, தீ வெச்சு, சாம்பலையும் வாரிட்டு, மேல வைக்கோலப் பரப்பிட்டு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வெர்லின், நீதானே? உன் வண்டிதானே? முப்பது வருஷமா உனக்கு அது கண்ணக் குத்திட்டுத்தானே இருந்துச்சு? அவன் எந்திரிச்சு வரமாட்டான்னு நெனச்சுதானே கைய வெச்ச?"

கத்தி வைத்திருந்தவன் அதைக் கீழே வைக்கவும் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சமையலறையில், அந்தத் தெருவில், அந்தத் திருச்சபையில் ஒரு பெண் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஆர்டிஸே கேட்டதில்லை. தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

வெர்லின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு தரம் மூடியிருந்த முன்னறைக் கதவைப் பார்த்தான். பிறகு ஆர்டிஸைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது, ஆர்டிஸ்" என்றான். "அதுல இப்படி ஒண்ணு இருக்குன்னு சத்தியமாத் தெரியாது. தப்புதான். என்மேலதான் தப்பு."

எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் ஒவ்வொருத்தராக, தாங்கள் குடித்த கப்பைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக லவோன் பாவாடையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"வெர்லின் கைய நீ பாக்கவே இல்லைல்ல? பதினேழு தையல்" என்றாள். "நல்லா இருடி, மகராசி." கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் கூட ஆர்டிஸுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை காலை டெல்மரின் மரத்தில் முதல் பூ வெடித்தது. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பின்பக்கம் பிக்கப் வண்டிச் சத்தம். ஆர்டிஸ் சமையலறை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வெர்லின், கட்டுப் போட்ட கையோடு, வண்டியிலிருந்து வெள்ளை வெளேரென்று பூத்த காட்டுப் பிளம் கிளைகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஐந்து கேலன் பக்கெட்டுகள் ஆறு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, கிளைகளைச் செருகி, மரத்தைச் சுற்றி வட்டமாக வைத்தான். இரண்டு பக்கெட்டை ஏணி மேல் ஏற்றிக் கிளைக்கு நெருக்கமாகக் கட்டினான். நாற்பது மைல் தெற்கே, ரயில் பாதை ஓரத்தில்தான் அந்த நேரத்தில் இப்படிப் பூத்திருக்கும். எப்போது கிளம்பிப் போனானோ. யாரிடம் கேட்டு வெட்டிய கிளை தண்ணீரில் நின்றாலும் வண்டுக்குப் போதும் என்று தெரிந்துகொண்டானோ. கதவைத் தட்டவில்லை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை வந்து பழைய கிளைகளை எடுத்துவிட்டுப் புதுக் கிளைகளை வைத்தான். ஆர்டிஸ் கதவுப் பிடி வரை போனாள். கை வரவில்லை. வெட்டிய கைதானே ஒட்டவும் வேண்டும், செய்யட்டும் என்று ஒரு வீம்பு. கட்டுப் போட்ட அவன் கையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கக் கூச்சம், அதுவும் இருந்தது.

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. குண்டு வண்டுகள் பக்கெட்டுக்கும் மரத்துக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தன. ஆர்டிஸ் மரத்தடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே பக்கெட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்கதவு கிறீச்சிட்டது. திரும்பினாள். டெல்மர், பைஜாமாவோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து படியில் நின்றிருந்தான்.

"ஐயோ, யாரு உன்ன எந்திரிக்கச் சொன்னா!" என்று வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். புதர் இருந்த பக்கம் அவன் கண் போகாமல் நடுவில் நின்று மறைக்கப் பார்த்தாள். அறுபதடி வெறும் தரையை ஐந்தடிப் பெண் எப்படி மறைப்பாள்? அவன் அவள் தலைக்கு மேலாகப் பார்த்துவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவன் புதர் இருந்த இடத்தைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. பக்கெட்டுகளைப் பார்த்துத்தான் திகைத்து நின்றான்.

"இது என்ன?"

"வெர்லின் கொண்டாந்து வெக்கிறான். நீ பதறாத. அவன் தெரியாம அந்தப் புதர..."

"அவன் தானா வெட்டல" என்றான் டெல்மர். "நான்தான் வெட்டச் சொன்னேன்."

ஆர்டிஸுக்குக் காது கேட்டது, அர்த்தம் ஏறவில்லை.

"ஆப்பரேசனுக்கு மொத நாள். நீ காபி வாங்கப் போயிருந்தப்ப போன் போட்டுச் சொன்னேன். ஆர்டிஸ்கிட்ட மூச்சு விடாதன்னு சத்தியம் வாங்கினேன்."

"அப்ப அன்னைக்கு, காபி குடிக்க வந்தப்ப..."

"முழிச்சுட்டுதான் இருந்தேன்."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. அவன் என்மேலதான் தப்புன்னு சொன்னதும் கேட்டுச்சு."

ஆர்டிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்?" என்றாள்.

"நான் போயிட்டா அந்த முள்ளோட நீ எப்படி மல்லுக்கட்டுவ? வீட்ட வித்தாலும் புதரப் பாத்தா எவன் வாங்குவான்?"

அவன் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்து நாலு வருஷம் பார்த்த முகம். "பொய் சொல்ற" என்றாள்.

டெல்மர் சுவரில் சாய்ந்துகொண்டான். தைத்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் போனதுக்கப்பறம் அது காய்க்கும். நீ பறிச்சுத் தின்னுவ. லவோனக் கூப்பிட்டுக் குடுப்ப. டெல்மர் இருந்து பாக்கலயேன்னு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவீங்க. பதினோரு வருஷம் நான் காத்துக் கெடந்துட்டு... என்னால அத நெனச்சுப் பாக்கவே முடியல, ஆர்டிஸ். நான் இல்லாம அது காய்க்கவே வேணாம்னு தோணிச்சு. அவ்ளோதான்."

அடப் பாவி மனுஷா.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று அவள் ஒரு நாற்காலியில் மடங்கிக் கிடந்தபோது, அவன் தான் செத்த பிறகு யாரும் ஒரு பழம் தின்றுவிடக் கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறான். அதற்கு ஒரு நல்லவனை ஆயுதமாகப் பிடித்திருக்கிறான். அந்த நல்லவனை அவள் ஒன்பது பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்ததைக் கதவுக்குப் பின்னால் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"அற்பன்டா நீ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'டா' போட்டதில்லை. "உனக்குப் போய் நான் தெய்வத்தக் கும்பிட்டேனே."

"ஆமா" என்றான் அவன். அதற்கு மேல் வாதாடவில்லை. உடம்பு நடுங்கியது, சுவரிலிருந்து கை நழுவியது. ஆர்டிஸ் எழுந்து அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கி உள்ளே கூட்டிப் போக வேண்டியிருந்தது. மனசு கொதிக்கிறது, அவன் விழுந்துவிடக் கூடாதே என்று கை பதறுகிறது. கட்டிய பெண்டாட்டி என்ன செய்வாள்? கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலமே ரோட்டைக் கடந்து போனாள். வெர்லின் கொட்டகையில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"வெர்லின், டெல்மர் எல்லாம் சொல்லிட்டான். நான் அன்னைக்கு..."

"மேக்கால இருட்டிக்கிட்டு வருது" என்றான் அவன் அவசரமாக. "ராத்திரி காத்தடிக்கும் போலருக்கு. பக்கெட்ட இன்னும் இறுக்கிக் கட்டணும்." அவள் மறுபடி வாயெடுத்தாள். அவன் மறுபடி மேகத்தைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பவளை விடக் கேட்கப்படுபவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி, அந்த ஊரில். லவோன் வீட்டு ஜன்னலில் நின்றிருந்தாள், வெளியே வரவில்லை.

பூ கொட்டியது. ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளை கிளையாகத் தடவினாள். உதிர்ந்த பூவுக்கு அடியில், மிளகளவு பச்சை. முதலில் நம்பவில்லை. இன்னொன்று. இன்னொன்று. நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜூனில் பாதி தானாக உதிர்ந்தது, மூக்கு நீண்ட பூச்சி கொஞ்சத்தைத் துளைத்தது, ஆலங்கட்டி ஒரு நாள் பெய்தது. ஆகஸ்டு கடைசியில் மரத்தில் பதினொன்று நின்றது.

டெல்மரும் நின்றான். சூப்பிலிருந்து ரொட்டிக்கு வந்தான், ரொட்டியிலிருந்து இறைச்சிக்கு. ஜூலையில் தானாகப் படியிறங்கினான். இரண்டு பேரும் மாத்திரை, தண்ணீர், சாப்பாடு என்று தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். பழம் நிறம் மாற ஆரம்பித்ததிலிருந்து அவன் பின்படிப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பறிக்க மட்டும் எழுந்திருக்கவில்லை. பறிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

ஒரு காலை, தெற்குக் கிளையில் இருந்த ஒன்று ஆர்டிஸ் விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. கருஞ்சிவப்பு, மேலே லேசாக நீலச் சாம்பல் பூச்சு. கையில் கோழி முட்டைக் கனம். மூக்கருகே வைத்தாள், வாயில் எச்சில் ஊறியது. திரும்பினாள். டெல்மர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் ஏந்தினாற்போல நீட்டிக்கொண்டிருந்தான். அவன் உதடு துடித்தது. பதினோரு வருஷம்.

ஆர்டிஸ் அவனுக்கு நேராக நடந்தாள். கிட்டத்தில் வந்தாள். அப்படியே அவனைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, ரோட்டில் இறங்கினாள்.

"ஏய்! எங்க போற?"

அவள் திரும்பவில்லை. ரோட்டைக் கடந்தாள். வெர்லின் கொட்டகை வாசலில் குனிந்து வண்டிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு இன்னும் சிவப்பாக ஓடியது. அவள் பழத்தை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்தான். பிறகு அப்படியே உறைந்து நின்றுவிட்டான்.

"மொதப் பழமா?"

"மொதப் பழம்."

"வேணாம் ஆர்டிஸ். இது அவனுக்குச் சேரவேண்டியது."

"உனக்குச் சேரவேண்டியது. தின்னு."

வெர்லின் வாங்கினான். கடித்தான். சாறு முகவாயில் ஓடித் தழும்பு மேல் சொட்டியது. அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அந்தப் பெரிய முரட்டு மூஞ்சி, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல, கண் விரிந்து அப்படியே நின்றது.

"ஆண்டவரே" என்றான் மெதுவாக. "நம்ம மண்ணுல... இப்படி ஒண்ணு வருமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்போது ஒரு கத்தல் கேட்டது. "ஆர்டிஸ்! அடியேய் ஆர்டிஸ்! என்னோட மரம்டி அது!" நாய் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து லவோன் வாசலுக்கே வந்துவிட்டாள். டெல்மர் நாற்காலியை விட்டு எழுந்து, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

வெர்லின் பயந்து பழத்தை வாயிலிருந்து எடுத்தான். "நெஞ்சுக்கு ஏதாவது ஆயிடப் போவுது ஆர்டிஸ். அவனுக்கு ரொம்பக் கோவம்."

"இருக்கட்டும்" என்றாள் ஆர்டிஸ். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது. "ஏப்ரல்லேருந்து அந்தத் தொண்டையில இவ்ளோ சத்தம் நான் கேக்கல. நீ தின்னு வெர்லின், மெதுவாத் தின்னு. இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."